மான் தடத்தில் வைத்த கண்

1925ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் வெளியான ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழின் முகப்பில் ஒரு புலியின் ஒளிப்படம் அச்சாகியிருந்தது. அது சுடப்பட்டுக் கிடக்கும் புலியன்று. அதன்மீது காலூன்றி நிற்கும் துரையும் படத்தில் இல்லை. தன் காட்டில், தன் போக்கில் நடந்து செல்லும் புலி. இயற்கையான வாழிடத்தில் எடுக்கப்பட்ட முதல் புலிப் படங்கள் என்று அவ்விதழ் அவற்றை அறிமுகப்படுத்தியது. எடுத்தவர் அன்றைய ஐக்கிய மாகாணத்தின் வனத்துறை அதிகாரி ஃபிரெடெரிக் வால்டர் சாம்பியன்.

‘எடுத்தவர்’ என்ற சொல்லுக்கு இங்கே சற்று விளக்கம் தேவை. சாம்பியன் கையாண்ட முறையில் விசையை அழுத்துவது மனித விரல் அன்று. காட்டுப் பாதையின் குறுக்கே கட்டிய மெல்லிய கம்பியில் விலங்கின் கால் படும், மின்சுற்று இணையும், மக்னீசியத் தூள் பளீரென்று எரியும், கேமராவின் கண் ஒரு கணம் திறந்து மூடும். விலங்கு தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

இன்று இந்தியாவின் புலிக் காடுகளில் மரத்துக்கு மரம் கட்டப்பட்டிருக்கும் தானியங்கி கேமராக்கள் அனைத்தும் இக்கம்பியின் வழித்தோன்றல்களே. ஆனால் இக்கருவியின் வரலாறு புலியிலிருந்து தொடங்கவில்லை, மானிலிருந்து தொடங்குகிறது. அறிவியலிலிருந்தும் தொடங்கவில்லை, வேட்டையிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தை நினைவில் கொள்ளாமல் அதன் இன்றைய சிக்கல்களைப் புரிந்துகொள்வது கடினம்.

*

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய காடுகளில் ஒயிட்ஃபிஷ் என்றொரு சிற்றேரி இருக்கிறது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ் சிறுவயது முதல் அங்கு மான் வேட்டைக்குச் சென்றுவந்தவர். அவருடைய தந்தை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்தவர். ஷைராஸும் சட்டம் பயின்றவர். 1903 முதல் 1905 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அப்பகுதியின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களிடம் ஓர் இரவு வேட்டை முறை இருந்தது. தோணியின் முன்புறத்தில் தீயை ஏற்றி வைத்துக்கொண்டு ஓசையின்றித் துடுப்புப் போட்டுச் செல்வார்கள். கரையில் நீர் அருந்தவோ நீர்த்தாவரம் மேயவோ வந்திருக்கும் வெண்வால் மான் வெளிச்சத்தைக் கண்டு திகைத்து அசையாமல் நிற்கும். அதன் கண்கள் இருளில் இரு புள்ளிகளாக ஒளிரும். அப்புள்ளிகளுக்கு நடுவே குறிவைத்தால் போதும். ஷைராஸ் இம்முறையைக் கற்றுக்கொண்டு பல ஆண்டுகள் சுட்டார். 1889 வாக்கில் துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமராவைக் கையில் எடுத்தார். தோணி அதே தோணி. விளக்கு அதே விளக்கு. குறி வைக்கும் இடமும் அதே இடம். துப்பாக்கி வெடிக்க வேண்டிய கணத்தில் மக்னீசியம் வெடித்தது. மான் தப்பி ஓடியது. அதன் உருவம் கண்ணாடித் தகட்டில் தங்கியது.

அடுத்த படி, தோணியில் ஆளே இல்லாமல் செய்வது. விலங்குத் தடத்தின் குறுக்கே நூலைக் கட்டி, அதன் மறுமுனையைக் கேமராவின் விசையோடு இணைத்தார் ஷைராஸ். வேட்டைக்காரர்கள் காலங்காலமாகத் தடத்தில் கண்ணி வைத்துவந்த இடத்திலேயே இந்நூலும் கட்டப்பட்டது. விலங்கின் வழக்கமான பாதை எது, எந்த உயரத்தில் அதன் உடல் நூலில் படும், காற்று எத்திசையில் வீசினால் மனித வாடை அதற்கு எட்டாது என்ற அறிவெல்லாம் கண்ணி வைப்பவரின் அறிவே. கருவி புதிது, கைப்பழக்கம் பழையது.

ஷைராஸின் இரவுப் படங்கள் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றன. 1906 ஜூலையில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அதுவரை நிலவியல் கட்டுரைகளும் பயணக் குறிப்புகளுமாக இருந்த ஓர் அறிவியல் கழகத்தின் ஏடு படப் புத்தகமாக மாறுகிறதே என்று கழக நிர்வாகக் குழுவின் இருவர் பதவி விலகினர். வாசகர்களோ அவ்விதழை விரும்பி வாங்கினர். அவ்வேடு பின்னர் எத்திசையில் சென்றது என்பது உலகம் அறிந்தது.

இங்கே மொழி ஒரு சான்றை விட்டுவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் துப்பாக்கியால் சுடுவதற்கும் கேமராவால் படம் எடுப்பதற்கும் ‘ஷூட்’ என்ற ஒரே வினைச்சொல் வழங்குகிறது. ஷைராஸ் 1935இல் தம் வாழ்நாள் பணியை இரு தொகுதிகளாக வெளியிட்டபோது, அதன் தலைப்பே கேமராவால் ‘வேட்டையாடுதல்’ என்றுதான் அமைந்தது. தமிழ் இவ்வழியில் செல்லவில்லை எனினும் வெகு தொலைவும் செல்லவில்லை. தமிழில் படத்தைப் ‘பிடிக்கிறார்கள்’. மீனைப் பிடிப்பதும் முயலைப் பிடிப்பதும் அதே வினைதான். தானியங்கிக் கேமராவுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் ‘கேமரா ட்ராப்’. ட்ராப் என்றால் பொறி. தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘தானியங்கி கேமரா’ என்றே எழுதுவதால் அப்பொறி தமிழ் வாசகரின் கண்ணில் படுவதில்லை. ஆனால் அது அங்கேயே இருக்கிறது.

*

சாம்பியன் 1893இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். தந்தை பூச்சியியலாளர். அண்ணன் ஹாரி சாம்பியன் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய வனவியலாளர்; இந்திய வனத்துறையில் இன்றும் புழங்கும் காட்டு வகைப்பாட்டின் அடித்தளம் அவர் இட்டது. 1913இல் இந்தியாவுக்கு வந்த ஃபிரெடெரிக், முதலில் கிழக்கு வங்காளத்தில் காவல் துறையில் பணியாற்றினார். முதல் உலகப் போரில் படையில் இருந்தார். போருக்குப் பின் வனப்பணியில் சேர்ந்து ஐக்கிய மாகாணத்தின் சிவாலிக், குமாவோன் அடிவாரக் காடுகளுக்கு வந்தார்.

அக்காலத்து வனத்துறை அதிகாரி ஒருவர் புலி சுடாமல் இருப்பது அரிது. ஆளுநர்களுக்கும் அரச விருந்தினர்களுக்கும் வேட்டை ஏற்பாடு செய்வது அப்பதவியின் எழுதப்படாத கடமை. சாம்பியன் அவ்விளையாட்டை வெறுத்தார். இரவிரவாகத் தடங்களில் கம்பி கட்டுவதையே தம் வேட்டையாகக் கொண்டார். 1927இல் வெளியான அவருடைய முதல் நூலும், 1934இல் வெளியான இரண்டாம் நூலும் அவ்வுழைப்பின் விளைவுகள். அவற்றில் புலி, சிறுத்தை மட்டுமல்லாது கடமான், கரடி, கழுதைப்புலி எனக் காட்டின் இரவு வாழ்வு முழுதும் பதிவாகியிருக்கிறது.

அந்நாளைய கருவி இன்று எண்ணிப் பார்க்கவும் கடினமானது. ஓர் இரவுக்கு ஒரு படம். கம்பியைத் தட்டியது புலியா, முள்ளம்பன்றியா, காற்றில் முறிந்து விழுந்த கிளையா என்பது தகட்டைக் கழுவிப் பார்த்த பிறகே தெரியும். ஈரம் பட்டால் தூள் பற்றாது. யானை வந்தால் கருவியே மிஞ்சாது.

இவ்வளவு இடர்களுக்கிடையே சாம்பியன் ஒன்றைக் கவனித்தார். ஒரு புலியின் உடற்கோடுகள் மற்றொரு புலிக்கு இல்லை. இரு படங்களை அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே புலியா, வெவ்வேறு புலிகளா என்று சொல்லிவிடலாம். மனிதருக்குக் கைரேகை போலப் புலிக்குக் கோடு. இக்கண்டுபிடிப்பு ஒளிப்படக் கலையைக் கணக்கியலாக மாற்றக்கூடிய விதை. அது முளைக்க இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சாம்பியனின் நூல் வெளியான அதே 1927இல், பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் தாம் வைத்த கம்பிக் கேமராக்களைப் பற்றி எழுதினார். தங்கள் பாதைகளில் நடப்பவர் யார் என்பது அவருடைய கேள்வி. படத்தின் அழகு அவருக்கு இரண்டாம்பட்சம். தீவில் எவ்வெவ்விலங்குகள் இருக்கின்றன என்ற பட்டியலே முதன்மை. கம்பிக் கேமரா ஆய்வுக் கருவியாகும் முயற்சியின் தொடக்கங்களுள் ஒன்று அது.

குமாவோனில் சாம்பியனின் தாக்கம் வேறொருவர் மீதும் விழுந்தது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டதால் புகழ்பெற்ற ஜிம் கார்பெட், தாம் கேமராவுக்கு மாறியதற்குச் சாம்பியனின் படங்களே தூண்டுதல் என்று பின்னர் எழுதினார். 1936இல் அப்பகுதியில் ஹெய்லி தேசியப் பூங்கா என்ற பெயரில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. இன்று அதன் பெயர் கார்பெட். 1973 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய அரசின் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதும் அங்கேயே.

*

புலியைக் காப்பதாக அறிவித்த நாடு, புலிகள் எத்தனை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுதந்திர இந்தியா அதற்குக் கேமராவை நாடவில்லை; காலடித் தடத்தை நாடியது. ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960களில் உருவாக்கிய முறையில், வனக்காவலர் புழுதியில் பதிந்த புலியின் பின்னங்கால் தடத்தின்மேல் கண்ணாடியை வைத்துக் கோடு வரைவார். தேவைப்பட்டால் சாந்தை ஊற்றி அச்சும் எடுப்பார். குறிப்பிட்ட சில நாள்களில் நாடெங்கும் திரட்டிய தடங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு புலி எனக் கணக்கிடுவார்கள். 1972இல் இம்முறை நாடு முழுதும் 1,827 புலிகள் இருப்பதாகச் சொன்னது.

எளிய, செலவில்லாத, காட்டில் நடக்கும் எவரும் செய்யக்கூடிய முறை அது. அதன் குறை அடிப்படையானது. ஒரே புலியின் தடம் ஈரமண்ணில் ஒருவிதமாகவும் புழுதியில் வேறுவிதமாகவும் பதியும். வரைபவரின் கைக்கு ஏற்பவும் மாறும். அதைவிட முக்கியமாக, தடம் பதிக்காமல் போன புலிகள் எத்தனை என்ற கேள்விக்கு அம்முறையிடம் விடையே இல்லை. கண்டதை எண்ணுவது கணக்கு அன்று. காணாமல் விட்டதையும் மதிப்பிடுவதே கணக்கு.

அவ்விடையைக் கொண்டுவந்தவர் கர்நாடகத்தின் உல்லாஸ் காரந்த். ஞானபீட விருது பெற்ற கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன்; பொறியியல் படித்து, பின்னர் காட்டுயிரியலுக்கு வந்தவர். 1990களில் நாகரஹொளேக் காட்டில் அவர் பொருத்திய கேமராக்கள், அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடையே அப்போது புழக்கத்துக்கு வந்திருந்த அகச்சிவப்புக் கதிர்க் கருவி வகையைச் சேர்ந்தவை. கம்பியின் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கதிர். விலங்கு அதை மறித்தால் படம் விழும். மிச்சிகனின் மான் தடத்தில் தொடங்கிய கருவி, ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் மான் வேட்டையின் வழியாகவே இந்தியாவுக்குள் ஆய்வுக் கருவியாக நுழைந்தது.

காரந்த் பயன்படுத்திய கணக்குமுறைக்குப் ‘பிடித்து மீண்டும் பிடித்தல்’ என்று பெயர். டென்மார்க்கின் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களுக்கும், அமெரிக்காவின் லிங்கன் 1930இல் வாத்துகளுக்கும் கையாண்ட தர்க்கமே அதன் வேர். எடுத்துக்காட்டாக, முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன என்று கொள்ளலாம். இரண்டாம் சுற்றில் 15 புலிகள் விழுகின்றன. கோடுகளை ஒப்பிட்டால் அவற்றுள் 10 ஏற்கெனவே பதிவானவை. அதாவது, இரண்டாம் சுற்றில் விழுந்தவற்றில் மூன்றில் இரு பங்கு பழையவை. அப்படியானால் முதல் சுற்றில் விழுந்த 20ம் காட்டிலுள்ள மொத்தத்தில் மூன்றில் இரு பங்காக இருக்க வேண்டும். ஆகவே மொத்தம் ஏறத்தாழ 30. ஒருமுறைகூடப் படத்தில் விழாத புலிகளும் இவ்வாறு கணக்குக்குள் வந்துவிடுகின்றன. மீனுக்கும் வாத்துக்கும் அடையாளம் மாட்டிவிட வேண்டியிருந்தது. புலிக்கு அது பிறவியிலேயே இருந்தது. சாம்பியன் கண்ட கோடுகளின் பயன் இதுவே.

காரந்தின் முதல் ஆய்வுக் கட்டுரை 1995இல் வெளியாயிற்று. 1998இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜேம்ஸ் நிக்கோல்ஸுடன் சேர்ந்து நாகரஹொளே, கன்ஹா, பெஞ்ச், காசிரங்கா ஆகிய நான்கு காடுகளின் புலி அடர்த்தியை அவர் வெளியிட்டார். 100 சதுர கிலோமீட்டருக்குப் பெஞ்சில் 4.1, காசிரங்காவில் 16.8. எனினும் அரசின் அதிகாரபூர்வக் கணக்கு காலடித் தடத்திலேயே நின்றது.

அதை அசைத்தது ஒரு பேரிழப்பு. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2004இன் கணக்குப்படி 16க்குக் குறையாத புலிகள் இருந்தன. 2005இன் தொடக்கத்தில் தேடியபோது ஒன்றுகூட இல்லை. கள்ளவேட்டை அனைத்தையும் தின்றுவிட்டிருந்தது. தாளில் மட்டும் புலிகள் உலவிக்கொண்டிருந்தன. சுனிதா நாராயண் தலைமையில் பிரதமர் அமைத்த பணிக்குழு அவ்வாண்டே அறிக்கை தந்தது. 2006இல் தொடங்கிய புதிய கணக்கெடுப்பில் கேமரா நடுவிடம் பெற்றது. அக்கணக்கு 1,411 என்று வந்தபோது நாடு அதிர்ந்தது. அதற்கு முந்தைய அதிகாரபூர்வ எண் 3,642. ஐந்தாண்டில் பாதிக்கு மேல் அழிந்தன என்று பலர் எழுதினர். உண்மையில், முறைகள் வேறானதால் இவ்விரு எண்களையும் நேராக ஒப்பிடவே இயலாது. முந்தைய எண் எவ்வளவு பொய்யானது என்பது என்றைக்கும் தெரியப்போவதில்லை.

*

அதன் பின் எண்கள் ஏறின. 2010இல் 1,706, 2014இல் 2,226, 2018இல் 2,967, 2022இல் 3,682. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு உலகின் மிகப் பெரிய கேமரா ஆய்வாகக் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றது. 26,838 இடங்களில் கேமராக்கள், 3,48,58,623 படங்கள். அவற்றுள் புலி இருந்த படங்கள் 76,651. சிறுத்தை இருந்தவை 51,777.

இவ்வெண்களைச் சற்று நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். ஆயிரம் படங்களில் புலி இருப்பது இரண்டில்தான். மீதி யாருடையவை? புள்ளிமானும் கடமானும் கேளையாடும் காட்டுப்பன்றியும் அவற்றில் நடக்கின்றன. புலியைத் தேடி வைத்த கண்ணில் ஓயாமல் விழுவது புலியின் இரை.

அவ்விரையின் கணக்கின்றிப் புலியின் கணக்குக்குப் பொருளில்லை. ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 குளம்பு விலங்குகளைக் கொல்கிறது என்பது காரந்தின் மதிப்பீடு. இரைக்கூட்டத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே புலிக்குப் போனால்தான் அக்கூட்டம் நிலைக்கும். ஆகவே ஒரு புலிக்குப் பின்னால் 500 விலங்குகள் நிற்க வேண்டும். மான் குறைந்த காட்டில் புலியைச் சுடவே வேண்டியதில்லை. அது தானே இல்லாமல் போகும்.

ஆனால் இத்தனை படங்கள் இருந்தும் மானை எண்ணுவது புலியை எண்ணுவதைவிடக் கடினம். ஒரு கேமராவில் நூறு புள்ளிமான் படங்கள் விழுந்தால் அவை நூறு மான்களா, பத்து மான்களைக் கொண்ட ஒரு கூட்டம் பத்துமுறை கடந்ததா என்று சொல்ல வழியில்லை. புள்ளிமானின் புள்ளிகள் மானுக்கு மான் மாறுபவைதாம். ஆயினும் கூட்டமாக, விரைவாக, ஒன்றையொன்று மறைத்து நடக்கும் மான்களின் புள்ளிகளை இலட்சக்கணக்கான படங்களில் ஒப்பிடுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. கடமானுக்கு அதுவும் இல்லை.

அமெரிக்காவில் 1997இல் ஜேக்கப்சனும் சக ஆய்வாளர்களும் ஒரு வழி சொன்னார்கள். கலைமானின் கொம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவில் கிளைப்பதால் ஆண்களைத் தனித்தனியே அடையாளம் காணலாம். படங்களில் ஆணுக்கு எத்தனை பெண், எத்தனை குட்டி என்ற விகிதத்தைக் கொண்டு மற்றவற்றைக் கணக்கிடலாம். 2008இல் ரோக்ளிஃபும் குழுவினரும் அடையாளமே தேவைப்படாத முறையை முன்வைத்தார்கள். அடைத்த கலத்தில் வாயுவின் மூலக்கூறுகள் மோதிக்கொள்வதைக் கணிக்கும் இயற்பியலிலிருந்து அதை எடுத்தார்கள். விலங்கு நாளொன்றுக்கு எவ்வளவு தொலைவு நடக்கிறது, கேமராவின் பார்வை எவ்வளவு அகலம் என்று தெரிந்தால், அது எத்தனை முறை படத்தில் விழுகிறது என்பதிலிருந்து அடர்த்தியைக் கணிக்கலாம்.

இந்தியாவில் மானின் கணக்கு இன்றும் பெருமளவு காலால் நடந்தே எடுக்கப்படுகிறது. வனக்காவலர் நேர்கோடாக வகுத்த பாதையில் விடியலில் நடப்பார். கண்ணில் பட்ட மான்கூட்டம் எத்தனை தலை, எவ்வளவு தொலைவு, எந்தக் கோணம் என்று குறிப்பார். தொலைவு கூடக்கூடக் கண்ணில் படுவது எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு, காணாமல் விட்டவற்றை மதிப்பிடுவார்கள். 2018 கணக்கெடுப்பில் காலால் நடந்த தொலைவு மட்டும் 5,22,996 கிலோமீட்டர். கேமராவின் சாதனை செய்தித்தாள்களில் வந்த அளவுக்கு இவ்வெண் பேசப்படவில்லை. புலியின் எண்ணிக்கை கொண்டாடப்பட்ட காலத்திலேயே, ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களின் பல காடுகளில் மானினம் அருகிவிட்டதை இந்நடையே காட்டிக்கொடுத்தது.

*

கருவி பிறந்த நாட்டில் இதற்கிடையே அது வேறொரு பாதையில் போயிருந்தது. மின்னணுக் கேமராவும் கைப்பேசி இணைப்பும் வந்தபின், அமெரிக்க மான் வேட்டைக்காரர் வீட்டில் இருந்தபடியே தம் காட்டைப் பார்க்க முடிந்தது. எந்தக் கலைமான் எந்த நேரத்தில் எந்த நீர்நிலைக்கு வருகிறது என்பது கைக்குள் வந்துவிட்டது. இது வேட்டையா, இல்லையா என்ற கேள்வியை வேட்டைக்காரர்களே எழுப்பினர். நேர்மையான வேட்டை என்பதற்கு நெடுங்காலமாக விதி வகுத்துவரும் பூன் அண்ட் கிராக்கெட் கழகம், உடனுக்குடன் படம் அனுப்பும் கருவியின் துணையோடு கொல்வதை அந்நேர்மைக்கு ஒவ்வாததென விலக்கியது. அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் வேட்டைக்காகத் தானியங்கிக் கேமரா வைப்பதையே தடை செய்தது. வறண்ட நிலத்தில் நீர்நிலைகள் சில. அவற்றையெல்லாம் கேமராக்கள் சூழ்ந்துவிட்டால் விலங்குக்கு ஒளிந்துகொள்ள ஏது இடம்?

துப்பாக்கியை விடுவிப்பதற்காக ஷைராஸ் எடுத்த கருவி, நூறாண்டுக்குப் பின் துப்பாக்கிக்கே வழிகாட்டியாயிற்று. காணும் ஆற்றலுக்கு எல்லை வேண்டும் என்று அங்கே மானின் பொருட்டுப் பேசினார்கள்.

*

இந்தியாவில் அதே கேள்வி மனிதரின் பொருட்டு எழுந்தது. அதுவும் சாம்பியன் கம்பி கட்டிய அதே குமாவோன் அடிவாரத்தில்.

கார்பெட் காப்பகத்தைச் சுற்றிய ஊர்களில் விறகு, புல், காட்டுப்பொருள்கள் சேகரிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. அவர்களுக்குக் காடு வேலைத்தலம் மட்டுமன்று. வீட்டின் கண்காணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் அப்பால் தங்களுக்குள் பேசவும் சிரிக்கவும் துயரைச் சொல்லி ஆறவும் கிடைத்த ஒரே வெளி அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரிஷாந்த் சிம்லாய் அங்கு 14 மாதங்கள் தங்கி, ஏறத்தாழ 270 பேரிடம் உரையாடி, கிறிஸ் சான்ட்புரூக்குடன் இணைந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வெளியில் கேமரா என்ன செய்தது என்பதைக் காட்டுகிறது.

விலங்குகளுக்கென வைத்த கேமரா ஒன்றில், காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் விழுந்தது. அப்படம் அழிக்கப்படவில்லை, உள்ளூர்ச் சமூக ஊடகக் குழுக்களில் பரப்பப்பட்டது. சினங்கொண்ட ஊரார் கண்ணில் பட்ட கேமராக்களை உடைத்தனர். வெளியுலகுக்கு அது வனத்துறையின் சொத்துக்கு விளைந்த சேதம். ஊருக்கு அது மானத்தின் பிரச்சினை.

அதைவிட ஆழமான விளைவு ஓசையின்றி நிகழ்ந்தது. காட்டுக்குள் செல்லும் பெண்கள் உரக்கப் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் செல்வது வழக்கம். அப்பாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. மனிதர் வருகிறார்கள் என்று யானைக்கும் புலிக்கும் சொல்லும் முன்னறிவிப்பு. எந்த மரத்தில் எந்தக் கண் இருக்கிறதோ என்ற அச்சம் வந்தபின் அவர்கள் குரலைத் தாழ்த்தினர். சிலர் பாடுவதையே நிறுத்தினர். கேமரா இல்லாத இடம் தேடி, பழக்கமில்லாத காட்டின் உட்பகுதிக்கும் சென்றனர். ஆய்வாளரிடம் இவ்வச்சத்தைப் பேசிய பெண்களுள் ஒருவர் பின்னர் புலி தாக்கி இறந்தார்.

காட்சியைப் பதிவு செய்யும் கருவி ஒலியைக் கொன்றது. புலிக்கும் மனிதருக்கும் இடையே தலைமுறைகளாக இருந்துவந்த ஒரு மொழி, புலியைக் காக்க வைத்த கண்ணால் தடைபட்டது. இவ்விளைவைக் கேமரா வைத்தவர் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கண்ணி வைப்பவருக்குரிய பழைய கடமை ஒன்று உண்டு: தன் கண்ணியில் எதெல்லாம் விழக்கூடும் என்று முன்னரே எண்ணிப் பார்ப்பது. அக்கடமை கேமரா வைப்பவருக்கும் உண்டு.

கேமராவைக் கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. சரிஸ்காவின் வெறுமையைத் தாளில் மறைத்தது கேமரா இல்லாத கணக்குதான். இனியொரு சரிஸ்கா நேராதிருக்க இக்கண் வேண்டும். காட்டுயிர் ஆய்வாளர்களிடையேயும் இவ்வுணர்வு வலுத்துவருகிறது; கௌஸ்துப் சர்மாவும் சக ஆய்வாளர்களும் 2020இல் கேமரா ஆய்வுகளுக்கென ஓர் ஒழுக்க நெறியை முன்மொழிந்தார்கள். செய்ய வேண்டியவை அரியவையும் அல்ல. கேமரா எங்கே வைக்கப்படுகிறது என்று ஊருக்குச் சொல்வது. எங்கே வைக்கலாகாது என்று ஊரைக் கேட்பது, குறிப்பாகப் பெண்களைக் கேட்பது. மனிதர் விழுந்த படத்தை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதற்கு விதி வகுத்து அதை நடத்திக் காட்டுவது.

ஒயிட்ஃபிஷ் ஏரிக்கரையில் வெளிச்சத்தில் திகைத்து நின்ற மானுக்குத் தான் படம் பிடிக்கப்படுவது தெரியாது. குமாவோனின் பெண்ணுக்குத் தெரியும். கேமரா வைப்பவர் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு வைக்கட்டும்.